கடையும் கிடங்கும்: மெய்நிகர் நினைவகம் வந்த வழி

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் நான் கல்வெட்டு பற்றித்தான் எழுதுவது வழக்கம். திருமலை, சித்தன்னவாசல், கழுகுமலை என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். மலர்க் குழுவினரும், "நயினார் வந்தாச்சு, கல்லைத் தூக்கிட்டு வந்துட்டார்" என்று கேலி பேசிக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்த முறை கல் இல்லை, கணிப்பொறி. அதிலும் விண்டோஸின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சின்னக் கட்டம் ஒன்று. மெய்நிகர் நினைவகம் என்று தலைப்புப் போட்டு, தொடக்க அளவு எவ்வளவு, உச்ச அளவு எவ்வளவு என்று நம்மைக் கேட்கும் கட்டம். அதில் ஒரு தடவை தப்பான எண்ணைப் போட்டு, திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்தேன். அதற்கப்புறம்தான், இந்தக் கேள்வியை இயந்திரம் என்னிடம் ஏன் கேட்கிறது, முதலில் யாரைக் கேட்டது என்று தேட ஆரம்பித்தேன். கல்வெட்டு தேடுகிற அதே புத்திதான்.

நான் கணிப்பொறி படித்தவனல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பம்பாய்க்கு ரயிலேறிப் பாத்திர வியாபாரத்தில் நின்றவன். மாட்டுங்காவில் கடை, பிவண்டியில் கிடங்கு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை முழுவதும் விளங்கிவிடும். கடையில் இடம் குறைவு, ஆனால் கை நீட்டினால் சாமான் கிடைக்கும். கிடங்கில் இடம் தாராளம், ஆனால் ஒரு குத்துவிளக்கு வேண்டுமென்றால் டெம்போ போய் வர வேண்டும். கணிப்பொறியில் ராம் என்று நாம் சொல்லும் நினைவகம் கடை. வன்தட்டு கிடங்கு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வெண்கலம், பித்தளைப் பாத்திரம் விற்றவர். அவர் கைப்பட எழுதிய 1950களின் பேரேடு ஒன்றை 2004இல் அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கரையான் பாதி தின்றது போக மிச்சம். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை அண்டா போனது, யார் அறுப்புக்கு அப்புறம் நெல்லாகத் தருகிறேன் என்றார்கள், யாருடைய கணக்கை அப்பா கோடு போட்டுத் தள்ளுபடி செய்தார் எல்லாம் அதில் இருந்தன. தாளைத் தொட்டால் உதிர்ந்தது. ஸ்கேனர் கண்ணாடிமேல் ஒரு தரம் வைக்கலாம், எடுக்கும்போது நாலாய் உடையும். அதாவது ஒரு தாளுக்கு ஒரே வாய்ப்புதான்.

அப்போது என்னிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி, 128 மெகாபைட் நினைவகம். கணிப்பொறியைப் பூட்டிக்கொடுத்த ஆள் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "பக்கக் கோப்பை நினைவகத்தைப் போல ஒன்றரை மடங்கு வையுங்க, தொடக்கமும் உச்சமும் ஒண்ணா இருக்கட்டும், அப்பதான் கோப்பு சிதறாது, வேகமா ஓடும்." 128க்கு ஒன்றரை மடங்கு 192. இரண்டு கட்டத்திலும் 192 என்று நானே தட்டினேன். கணக்குப்பிள்ளை புத்திக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளி. ஒரு புள்ளிக்கு 3 பைட். ஒரு தாளுக்கு ஏறக்குறைய 25 மெகாபைட். நானோ எல்லாத் தாளையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு மங்கலைச் சரிசெய்து, கடைசியில் மொத்தமாகச் சேமிக்கலாம் என்று இருந்தேன். ராத்திரி கடை மூடும்போது கல்லாவை ஒரே தடவையாக எண்ணுகிற பழக்கம். ஒன்பதாவது தாளை எடுத்தபோது நினைவகம் போதவில்லை என்று ஒரு செய்தி வந்தது. அடுத்த நொடி அந்த மென்பொருள் மூடிக்கொண்டது. ஒன்பது தாளும் போச்சு. மேசைமேல் தூள் மட்டும் கிடந்தது.

கணக்கு எளிது. 128ம் 192ம் சேர்ந்தால் 320. விண்டோஸும் அந்த மென்பொருளும் தங்களுக்கென்று நூறு மெகாபைட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால், மிச்சத்தில் ஒன்பது தாள் அடங்காது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் எக்ஸ்பி தானாக என்ன வைத்திருக்கும் தெரியுமா? தொடக்கம் ஒன்றரை மடங்கு, அதாவது அதே 192. உச்சம் மூன்று மடங்கு, அதாவது 384. மொத்தம் 512 மெகாபைட். ஆமை போல நகர்ந்திருக்கும், ஆனால் தாள்கள் பிழைத்திருக்கும். வேகத்துக்காக நான் உச்சத்தை வெட்டியதுதான் வினை.

என் தங்கை மகன் கணிப்பொறித் துறையில் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன். "மாமா, அந்தக் கட்டத்துல நீங்க ஏன் கை வெச்சீங்க? அது பாட்டுக்கு இருந்திருக்கும்ல?" என்றான். "கை வைக்கக் கூடாதுன்னா, கட்டம் எதுக்குடா வெச்சிருக்கான்?" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் என் கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குப் பின்னால் ஐம்பது வருஷத்துச் சண்டை ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948 ஜூன் 21ஆம் நாள் ஒரு சிறிய இயந்திரம், தனக்குள்ளேயே சேமித்துவைத்த நிரலை ஓட்டிக் காட்டியது. அந்த வகையில் உலகிலேயே முதலாவது. செல்லமாக ‘பேபி’ என்று பெயர். ஃபிரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகியோர் உருவாக்கியது. அதன் நினைவகம் மொத்தம் 32 சொற்கள், ஒவ்வொன்றும் 32 பிட். நம் கணக்கில் 128 பைட். என்னுடைய 128 மெகாபைட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

நினைவகம் போதாத கஷ்டம் அன்றிலிருந்தே உண்டு. அதற்குத் துணையாகக் காந்தப் பூச்சுப் பூசிய சுழலும் உருளை வந்தது. உருளை மலிவு, கொள்ளளவு அதிகம், ஆனால் மெதுவு. ஆகவே நிரல் எழுதுகிறவர் தன் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உருளையிலிருந்து நினைவகத்துக்கு வர வேண்டும், எதன் இடத்தில் உட்கார வேண்டும் என்று தானே கட்டளை எழுத வேண்டும். உண்மையான கணக்கு வேலையைவிட இந்தச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பெரிசாகிவிடும். கல்லாவில் உட்கார வேண்டிய முதலாளி டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இதைத் தானியங்கியாகச் செய்யலாம் என்ற எண்ணம் ஜெர்மனியில் ஒருவருக்கு வந்தது. ஃபிரிட்ஸ் ருடால்ஃப் கியூன்ட்ஷ் என்பவர். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு 1956இல் அளித்த முனைவர் ஆய்வேட்டில், உருளையின் பகுதிகளை இயந்திரமே வேகமான நினைவகத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தை எழுதினார். அந்த ஏடு நெடுநாள் பலர் கண்ணில் படவில்லை. ஏட்டிலேயே உறங்கிய சரக்குக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை என்பதால் எனக்கு இந்த மனிதர்மேல் தனிப் பிரியம்.

செய்து காட்டியது மறுபடியும் மான்செஸ்டர்தான். அதே கில்பர்ன் தலைமையில், ஃபெராண்டி நிறுவனத்தின் கூட்டோடு உருவான அட்லஸ் என்ற பெரிய கணிப்பொறி 1962 டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் வேகமான நினைவகம் 16,384 சொற்கள். உருளைகளில் 98,304 சொற்கள். அதாவது கடையைப் போல ஆறு மடங்கு கிடங்கு. கில்பர்ன் குழுவினர் எல்லாவற்றையும் 512 சொற்கள் கொண்ட ‘பக்கம்’ என்ற அளவில் பிரித்தார்கள். 16,384ஐ 512ஆல் வகுத்தால் 32 வரும். கடையில் 32 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு. அதில் இப்போது கிடங்கின் எந்தச் சரக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கும். நிரல் ஒரு முகவரியைக் கேட்டால், 32 சீட்டையும் இயந்திரம் ஒரே நேரத்தில் பார்க்கும். இருந்தால் உடனே கொடுக்கும். இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு, உருளையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து ஒரு தட்டில் வைத்து, சீட்டை மாற்றி எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். நிரல் எழுதியவருக்கு இது எதுவுமே தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே பெரிய கடை. அதனால்தான் அவர்கள் அதற்கு ‘ஒற்றை நிலைச் சேமிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். 1962இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பும் அதுவே.

மெய்நிகர் என்ற சொல் பின்னால் வந்தது. இங்கே ஒரு சொல் ஆராய்ச்சி, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளி இயற்பியல் நூலில் கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தை மாய பிம்பம் என்று படித்தோம். அங்கே ‘மாய’ என்று மொழிபெயர்த்த அதே ஆங்கிலச் சொல்லைத்தான் கணிப்பொறித் தமிழில் ‘மெய்நிகர்’ என்கிறார்கள். எனக்குப் பின்னதே சரியென்று படுகிறது. மாயை என்றால் இல்லாதது. இதுவோ இருக்கிறது; இருக்கிற இடம்தான் வேறு. பிவண்டியில் இருக்கிற அண்டா பொய் அண்டா ஆகுமா?

அட்லஸில் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. 32 தட்டும் நிரம்பியிருக்கும்போது புதிதாக ஒன்று வந்தால், எதை எடுத்துக் கிடங்குக்கு அனுப்புவது? கில்பர்ன் குழு இதற்கென்று ‘கற்கும் நிரல்’ ஒன்று எழுதியது. ஒவ்வொரு பக்கமும் கடைசியாக எப்போது பயன்பட்டது, முன்பு எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்று குறித்துக்கொண்டு, இனிச் சீக்கிரம் தேவைப்படாது என்று தோன்றுவதை அனுப்பும். வியாபாரி எவருக்கும் இது புதிதல்ல. ஐப்பசியில் விளக்கை முன்னால் வைத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் தள்ளுகிறோம்.

இந்தக் கேள்வியை ஐ.பி.எம். நிறுவனத்தில் லாஸ்லோ பெலாடி என்ற ஹங்கேரிக்காரர் தீர ஆராய்ந்து 1966இல் எழுதினார். எதிர்காலத்தில் எது மிகத் தாமதமாகத் தேவைப்படுமோ அதை வெளியேற்றுவதே உத்தமமான வழி என்று நிறுவினார். எதிர்காலம் யாருக்குத் தெரியும்? ஆனாலும் மற்ற முறைகளை உரசிப் பார்க்க அது ஒரு கட்டளைக் கல்லாக ஆயிற்று. அவரும் சக ஆய்வாளர்களும் 1969இல் இன்னொரு வேடிக்கையைக் காட்டினார்கள். முதலில் வந்ததை முதலில் வெளியேற்று என்ற எளிய முறையில், சில சமயம் நினைவகத்தைக் கூட்டினால் வேலை அதிகமாகும்!

எனக்கு இது நம்பும்படியாக இல்லை. கடை மூடியபின் மேசைமேல் ஐந்து டம்ளரை எண் எழுதி வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். நீங்களும் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். கேட்கிற வரிசை இது: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. மேசையில் மூன்று டம்ளருக்கு இடம் இருந்தால், அலமாரிக்கு 9 தடவை போக வேண்டும். நான்கு டம்ளருக்கு இடம் கொடுத்தால் 10 தடவை. மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், 10தான். வீட்டில் "கடையிலதான் பாத்திரம்னா வீட்டிலயுமா?" என்று கேட்டது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968இல் விளக்கினார். ஒரே கணிப்பொறியில் பல நிரல்கள் சேர்ந்து ஓடும்போது, ஓர் எல்லைக்கு மேல் போனால் இயந்திரம் வேலை செய்வதையே நிறுத்திவிட்டுப் பக்கம் மாற்றுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாவதில்லை, ஒரேயடியாகப் படுத்துவிடும். 2000களில் கணிப்பொறி வைத்திருந்த யாரும் இதை அனுபவித்திருப்பீர்கள். சுட்டி நகராது, வன்தட்டு விளக்கு மட்டும் அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று சத்தம் வரும். தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் பத்து வாடிக்கையாளர் பத்துச் சாமான் கேட்க, பையன்கள் எல்லாரும் டெம்போவில் தாணே நெரிசலில் மாட்டிக்கொண்டு, கடையில் எடுத்துக்கொடுக்க ஆளே இல்லாமல் போவது போல.

டென்னிங் சொன்ன மருந்து என்ன? ஒவ்வொரு நிரலுக்கும் அந்தந்த நேரத்துக்கு அடிக்கடி தேவைப்படும் பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. அதைச் செயல்தொகுதி என்று சொல்லலாம். அது முழுவதும் கடையில் அடங்கினால் மட்டும் அந்த நிரலை ஓட விடு, இல்லையென்றால் வாசலில் காத்திருக்க வை. வியாபாரி நாக்கூசாமல் வாடிக்கையாளரிடம் "அரை மணி கழிச்சு வாங்க" என்று சொல்வது. சொல்ல மனசு வராது, ஆனால் சொன்னால்தான் கடை ஓடும்.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். 1960கள் முழுக்க இரண்டு கட்சி. அனுபவப்பட்ட நிரலாளர்கள், "எங்கள் நிரலைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நாங்களே கையால் வெட்டி அடுக்கினால்தான் வேகம்" என்றார்கள். மற்றவர்கள், "மனுஷன் நேரம் விலை உயர்ந்தது, இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்கள். நான் எந்தக் கட்சியில் இருந்திருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். கிடங்குச் சாவியை இன்றுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. இந்த வழக்கை ஐ.பி.எம்.மின் டேவிட் சேயர் 1969இல் முடித்துவைத்தார். இவர் படிகவியலிலும் பெயர் பெற்றவர். ஒரு சமன்பாடே அவர் பெயரில் இருக்கிறது. அவரும் குழுவினரும் ஒரே வேலையைக் கையால் வெட்டியும், இயந்திரத்திடம் விட்டும் ஓட்டி அளந்து பார்த்தார்கள். நல்ல வெளியேற்றும் முறையும், அளவுக்கு மீறிய சுமையும் இல்லாத வரையில், தானியங்கி முறை மனிதக் கைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் 370 வரிசைக் கணிப்பொறிகளுக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது. பெரிய கணிப்பொறி உலகில் கேள்வி அத்தோடு தீர்ந்தது.

1977இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ் என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அந்தப் பெயரே ‘மெய்நிகர் முகவரி விரிவாக்கம்’ என்பதன் சுருக்கம். அதன் இயங்குதளம் வி.எம்.எஸ். நம்மவர்களுக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. 1980களின் நடுவில் டில்லியில் கணிப்பொறி வழி ரயில் முன்பதிவு தொடங்கியபோது அது வாக்ஸ் இயந்திரங்களின் மேல்தான் ஓடியது. விடுமுறைக்கு ஊர் போக வரிசையில் நின்று, ஜன்னலுக்குப் பின்னால் அச்சடித்து வந்த சீட்டை வாங்கிய நம்மில் பலர், பெயர் தெரியாமலே மெய்நிகர் நினைவகத்தின் வாடிக்கையாளர்கள்.

வீட்டுக் கணிப்பொறிக்கு இது தாமதமாக வந்தது. இன்டெல் 1985இல் வெளியிட்ட 386 செயலியில்தான் 4096 பைட் பக்கங்களைக் கையாளும் வசதி சிப்புக்குள்ளேயே அமைந்தது. 1990 மே மாதம் வந்த விண்டோஸ் 3.0, அந்தச் செயலியில் வன்தட்டை நினைவகமாகக் காட்டியது. அதில் நிரந்தரம், தற்காலிகம் என்று இரண்டு விதக் கோப்பு. நிரந்தரக் கோப்புக்கு வன்தட்டில் துண்டுபடாத ஒரே நீளமான இடம் வேண்டும். தற்காலிகக் கோப்பின் பெயர் வின்386.எஸ்.டபிள்யூ.பி. எவ்வளவு வேண்டும் என்று அளவு கேட்கும் வழக்கம் வீட்டுக் கணிப்பொறியில் இங்கேதான் வேர் பிடித்தது. அன்றைய வன்தட்டு நூறு மெகாபைட்டுக்கும் குறைவாக இருக்கும். அதில் பத்து மெகாபைட்டை விண்டோஸ் கேட்காமல் எடுத்துக்கொண்டால் யாரும் சும்மா இருப்பார்களா? கேட்டுத்தான் ஆகணும்.

நினைவகத்தின் விலையும் சேர்ந்துகொண்டது. 1993 ஜூலையில் ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிடோமோ நிறுவனத்தின் ரசாயன ஆலையில் வெடிவிபத்து. சிப்புகளை மூடிப் பொதியும் பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆலையில் தயாரானது. நினைவக விலை கிடுகிடுவென்று ஏறியது. பித்தளை விலை ஏறும்போது பார்த்திருக்கிறேன், சரக்கு தட்டுப்படுவதற்கு முன்னாலேயே பயம் விலையை ஏற்றிவிடும். ராம் வாங்க வசதியில்லாதவனுக்கு வன்தட்டில் இருக்கும் கோப்புதான் ஏழையின் ராம். இந்த ஏக்கத்தைக் காசாக்கவும் ஆள் கிளம்பினார்கள். 1995இல் அமெரிக்காவில் சாஃப்ட்ராம் என்று ஒரு மென்பொருள், நினைவகத்தை இரட்டிப்பாக்கித் தரும் என்ற விளம்பரத்தோடு லட்சக்கணக்கில் விற்றது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இரட்டிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கக் கோப்பின் அளவு அமைப்பைக் கூட்டிவிட்டுச் சும்மா இருந்தது. நம் கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்டும் வேலைக்கு விலை! 1996இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தலையிட்டு நிறுத்தியது.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, கோப்பைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டது. அப்போதே அந்தக் கட்டத்தில், ‘விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற தேர்வுக்கு எதிரே பரிந்துரை என்று போட்டிருந்தார்கள். அதன் கீழேயே, ‘நானே அளவு சொல்கிறேன்’ என்று இன்னொரு தேர்வு. சேயர் 1969இல் மூடிய வழக்கை மேசைமேல் மறுபடி திறந்துவைத்த மாதிரி. நம்மைப் போன்றவர்கள் எதைத் தேர்ந்தெடுப்போம்?

இனி நான் கண்டுபிடித்து மகிழ்ந்த ஒரு விஷயம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் அந்தக் கோப்பின் பெயர் பழைய வின்386தான். ஆனால் எக்ஸ்பியில் அது பேஜ்ஃபைல்.சிஸ். ஏன் பெயர் மாறியது? எக்ஸ்பி வேறு குலம். 95ம் 98ம் விண்டோஸ் 3இன் வாரிசுகள். எக்ஸ்பியோ 1993இல் வெளியான விண்டோஸ் என்.டி.யின் வழி வந்தது. அந்த என்.டி.யை உருவாக்கத் தலைமை தாங்கியவர் டேவ் கட்லர். 1988இல் மைக்ரோசாஃப்டுக்கு வருவதற்கு முன் அவர் வாக்ஸின் வி.எம்.எஸ். இயங்குதளத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். அந்த வி.எம்.எஸ்.ஸில் பக்கக் கோப்பின் பெயர் என்ன என்று தேடினேன். பேஜ்ஃபைல்.சிஸ்! கூடவே ஸ்வாப்ஃபைல்.சிஸ் என்று ஒரு துணைக் கோப்பும் இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதே ஸ்வாப்ஃபைல்.சிஸ் என்ற பெயரும் மறுபடி தலைகாட்டியது. ஊர்ப் பெயர் ஒன்றை இருநூறு வருஷம் தள்ளி இன்னொரு கல்லில் படிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது அன்றைக்கு வந்தது.

சரி, அந்த ஒன்றரை மடங்கு? அது சாத்திரம் அல்ல, நினைவகம் கொஞ்சமாக இருந்த காலத்துக் கைக்கணக்கு. விண்டோஸ் விழுந்துபோனால் நினைவகம் முழுவதையும் அப்படியே பக்கக் கோப்பில் எழுதிவைக்கும் ஒரு வசதி உண்டு. அதற்கு நினைவகத்தைவிடச் சற்றே பெரிய கோப்பு வேண்டும். அதையும் சேர்த்து ஒன்றரை என்று வைத்தால் பழுதில்லை, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அந்த விதி தலைகீழ். நினைவகம் 128 உள்ளவனுக்கு 192, நினைவகம் 4096 உள்ளவனுக்கு 6144. கடை பெரிசாக உள்ளவனுக்குக் கிடங்கும் பெரிசாக வேண்டுமா? கடை சின்னதாக இருப்பவனுக்குத்தானே வேண்டும்?

இதை மார்க் ருசினோவிச் 2008இல் தெளிவாக எழுதினார். விண்டோஸின் உட்புறத்தை விளக்கி நூல் எழுதியவர், மைக்ரோசாஃப்டில் பணி. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்து வையுங்கள். அவை வாக்காகக் கேட்டு வாங்கிய நினைவகத்தின் உச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அதில் உங்கள் ராமைக் கழித்தால் வருவதே பக்கக் கோப்பின் தொடக்க அளவு. அதைப்போல இரண்டு மடங்கு உச்ச அளவு. எக்ஸ்பியில் அந்த உச்ச எண் டாஸ்க் மேனேஜரில், செயல்திறன் பக்கத்தின் கீழ்ப் பகுதியிலேயே இருந்தது. அதே பக்கத்தில் பக்கக் கோப்புப் பயன்பாடு என்று ஒரு படம் ஏறி இறங்கும். அது பக்கக் கோப்பின் பயன்பாடே அல்ல, இந்த வாக்குக் கணக்குதான். தப்பான பலகையை மாட்டிவைத்துவிட்டு வாடிக்கையாளரைக் குறை சொல்லக்கூடாது.

வாக்கு என்றேன். அதுதான் மையம். கடன் பேரேடு மாதிரி. ஒரு மென்பொருள் நினைவகம் கேட்டால் விண்டோஸ் அங்கேயே எடுத்துக் கொடுப்பதில்லை. தருகிறேன் என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் கடையும் கிடங்கும் சேர்ந்த கொள்ளளவுக்கு மேல் வாக்குக் கொடுக்காது. நான் உச்சத்தை 192இல் வெட்டியபோது அந்தக் கொள்ளளவையே வெட்டினேன். ஒன்பதாவது தாளுக்கு விண்டோஸ் வாக்குத் தரவில்லை. என் தகப்பனார் இருந்திருந்தால் அதன் பக்கம்தான் பேசியிருப்பார். கையிருப்புக்கு மேல் அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

கோப்பை டி டிரைவுக்கு மாற்றினால் வேகம் வரும் என்று சொல்வாரும் உண்டு. தனி வன்தட்டாக இருந்தால் உண்மை. ஒரே வன்தட்டைப் பங்கு போட்டு டி என்று பெயர் வைத்திருந்தால் கெடுதல்தான். படிக்கும் முனை இன்னும் அதிக தூரம் அலைய வேண்டும். நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிசெகண்ட். சரக்கு முனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ராமுக்கு அது யுகம்.

2007இல் வந்த விஸ்டாவிலிருந்து எல்லா டிரைவுக்கும் தானாகவே அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு குறிக்கட்டம் வந்தது. விண்டோஸ் 10 வந்த 2015 முதல், பக்கங்களை வெளியே அனுப்பும் முன் ராமுக்குள்ளேயே சுருக்கி மடித்துவைக்கிறது. பாத்திரத்துக்குள் பாத்திரம் அடுக்குகிற மாதிரி. தட்டு சுழலாத எஸ்.எஸ்.டி. வந்தபின் கிடங்கு பிவண்டியிலிருந்து பைகலாவுக்கு வந்துவிட்டது. ஆனால் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் அந்தக் கட்டம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தொடக்க அளவு, உச்ச அளவு.

கடைக் கணிப்பொறியில் இப்போது அதைத் தானியங்கியில் விட்டிருக்கிறேன். கிடங்குச் சாவி என் இடுப்பில்தான். பேரேட்டின் மிச்சத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாகச் சேமித்து, தட்டச்சு செய்து முடித்து அண்ணனுக்கு ஒரு படி அனுப்பினேன். அதில் 41 முதல் 49 வரை ஒன்பது பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். போன வருஷம் ஊருக்குப் போனபோது, அந்தப் பக்கங்களில் எந்தெந்த வீட்டுக் கணக்கு இருந்தது என்று அண்ணனிடம் கேட்டேன். யோசித்து யோசித்து நான்கு வீட்டின் பெயரைச் சொன்னார். குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.